ஒன்பதாம் கொக்கி

அவரை நாங்கள் கடைசியார் என்று கூப்பிட்டோம். பெயர் வைத்தவர் டிரைவர் அண்ணன். எந்தத் தீயானாலும், எல்லோரும் வெளியே வந்து, முகம் கழுவி, யாராவது ஒரு புண்ணியவான் கொண்டுவந்து கொடுத்த டீயைக் குடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்த பிறகும், அவர் மட்டும் ஏதாவது ஒரு சந்தில் குனிந்து குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். குழாய்க்குள் ஒரு சொம்புத் தண்ணீர்கூட மிச்சம் நிற்கக் கூடாது அவருக்கு. தோளுக்கு மேல் தூக்கிப் போட்டு, முன்னும் பின்னும் நடந்து, கடைசிச் சொட்டுவரை வடித்துவிட்டுத்தான் சுருட்டுவார்.

"யோவ், அதென்ன கைக்குழந்தையா? ஏப்பம் விடற வரைக்கும் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே இருக்க?" என்று வண்டியிலிருந்து தலையை நீட்டிக் கத்துவார் டிரைவர் அண்ணன்.

"ஈரத்தோட சுருட்டினா நாறும்ணே. பரவாயில்லன்னா சொல்லுங்க, அடுத்த தடவ உங்க மூஞ்சிக்கு நேரா வச்சுப் பிரிக்கிறேன்."

தண்ணீர் லாரியில் கிளீனராக இருந்தவர். இருபத்து மூன்று வயதில் ஒருநாள், எங்கோ பற்றிய தீக்கு அந்த லாரியைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தண்ணீர் தீர்ந்து லாரி திரும்பிப் போனது. கிளீனர் திரும்பவில்லை. சாயங்காலம் வரை குழாய் பிடித்துவிட்டு, மறுநாள் தீயணைப்பு நிலையத்து வாசலில் வந்து நின்று, "ஆள் எடுக்கறீங்களா?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு இருபத்தொரு வருஷம். பதவி உயர்வுத் தேர்வு இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தோற்றார். "எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் எழுதிட்டு வந்தேன், அவங்க அதைக் கேக்கவே இல்ல" என்பார். ஒரு தீயில் இடது காதின் மேல்நுனி சுருங்கிப்போயிருந்தது. நாய்க்குப் பயப்படுவார். எரிகிற வீட்டுக்குள் நுழைவதற்கு முன், "உள்ள நாய் கட்டியிருக்கா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் தலையில் கைவைத்து அழுதுகொண்டிருந்தார்.

அவர் யாரையும் தோளில் தூக்கிக்கொண்டு தீயிலிருந்து ஓடிவந்ததே கிடையாது. இதை அவரே சொல்வார். மீட்டவை என்று அவர் வைத்திருந்த பட்டியல் வேறு: பதினோரு கேஸ் சிலிண்டர், ஒரு தையல் மெஷின், கூண்டோடு ஒரு கிளி. கிளி அவர் விரலைக் கடித்துவிட்டது. "உசிரக் காப்பாத்தினா நன்றி கிடைக்கும்னு எவன்டா சொன்னது?" என்று அந்தத் தழும்பைக் காட்டுவார்.

இனி பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வண்டியின் பக்கவாட்டில், டிரைவர் கதவை ஒட்டி ஒரு மரப்பலகை உண்டு. அதில் பன்னிரண்டு கொக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். ஆளுக்கொரு பித்தளைப் பில்லை எப்போதும் பெல்ட்டில் தொங்கும். தீக்குள் போகிறவன் பில்லையைக் கழற்றித் தன் கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் தன் கையால் எடுத்துக்கொள்ள வேண்டும். பில்லை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது. பலகை காலியென்றால் எல்லோரும் வெளியே. ஒரு பில்லை தொங்கினாலும் வண்டி நகரக் கூடாது. இவ்வளவுதான் விதி.

கடைசியார் மாட்ட மறந்ததே இல்லை. மாட்டியதும் ஒரு சுண்டு சுண்டுவார். பில்லை பலகையில் மோதி டிங்கென்று ஒலிக்கும். பிறகுதான் உள்ளே போவார். திரும்ப எடுப்பதற்குத்தான் அவருக்கு நேரம் இருக்காது. வாசலைத் தாண்டியதும் கால் தானாகக் குழாய்ப் பக்கம் போய்விடும். பலகையில் ஒன்பதாம் எண் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். நாங்கள் ஈரச் சட்டையோடு வண்டியில் உட்கார்ந்து நடுங்குவோம். ஒருநாள் டிரைவர் அண்ணனுக்குப் பொறுமை போயிற்று. கையை நீட்டி அந்தப் பில்லையை இரண்டு விரலால் எடுத்து, தன் இருக்கைக்குப் பின்னால் மாட்டியிருந்த கடைசியாரின் சாப்பாட்டுப் பைக்குள் போட்டார்.

"ஒம்பதாம் நம்பர் ஐயாவோட பில்லை பைக்குள்ள இருக்கு. இனிமே அதுக்காக நாலு பேர் காத்துக்கெடக்க வேணாம்" என்றார்.

ஏழு வருஷம் அப்படியே நடந்தது. கடைசியாரின் தலை வாசலில் தெரிந்தால் போதும்; டிரைவர் அண்ணனின் இரண்டு விரலும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமலே போய் எடுத்துவிடும். ஆபீசருக்கும் தெரியும். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு, ஒரு செல்லம். அதற்கு வேறு பெயர் இப்போதும் எனக்குக் கிடைக்கவில்லை.

அவர் வீட்டிலும் ஒரு பலகை இருந்தது. இரண்டு அறை வீடு. கதவுக்குப் பக்கத்தில் மூன்று ஆணிகள். அவருடைய மனைவி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். நாங்கள் அண்ணி என்போம். வேலை முடிந்து வந்ததும் அண்ணி தன் அடையாள அட்டையை முதல் ஆணியில் மாட்ட வேண்டும். பதினோரு வயது மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு ரப்பர் வளையத்தை மாட்ட வேண்டும். அவருக்கு ஒரு பழைய சாவி. "மூணு ஆணியும் நிறைஞ்சாத்தான் உங்க அண்ணனுக்குத் தூக்கம் வரும்" என்று அண்ணி சிரிப்பார். "நிலையத்துல தொங்கினா ஆபத்து, வீட்டுல தொங்கினா நிம்மதி. ஒரே மனுஷன் ரெண்டையும் எப்படித்தான் ஞாபகம் வச்சிக்கிறாரோ."

ஆகவே அண்ணிக்குப் பலகை தெரியும். பில்லை தெரியும். இது முக்கியம்.

*

தீப்பிடித்தது ஒரு மெத்தைக் கிடங்கு. பகல் பன்னிரண்டரை மணி. இரும்பு அடுக்குகளில் கூரைவரை ஃபோம் மெத்தைகள். ஃபோம் எரிந்தால் வரும் புகை கறுப்பாக, கெட்டியாக, நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும். உள்ளே ஆட்கள் யாரும் இல்லை. வேலையாட்கள் எட்டுப் பேரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நாங்கள் போய் இறங்கும்போது எட்டுப் பேரும் எதிர்ப்பக்கம் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். முதலாளி ஒருமுறைக்கு இரண்டுமுறை எண்ணிச் சொன்னார்.

உள்ளே இருவர் இருவராகப் போவோம். அன்று கடைசியாருக்குச் சோடி நான். என் பில்லை ஐந்து. நான் மாட்டினேன். அவர் மாட்டி, சுண்டினார். டிங். அவ்வளவு இரைச்சலிலும் அது கேட்டது. டிரைவர் அண்ணன் அதைக் கேட்டு, "வந்துட்டார்யா பூசாரி, மணியடிச்சிட்டுத்தான் போவாரு" என்றார்.

முதுகில் கட்டும் சிலிண்டரில் முப்பது நிமிடத்துக்குக் காற்று இருக்கும். பத்து நிமிடம் ஆகியிருக்கும். கூரைத் தகரம் முறுக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஆபீசர் விசில் ஊதினார்: எல்லோரும் வெளியே வர வேண்டும். நாங்கள் வாசலுக்கு வந்தோம். சோடியாகப் போனவர்கள் சோடியாகத்தான் வெளியேற வேண்டும். நான் அதற்குள் ஒரு காலை வெளியே வைத்துவிட்டிருந்தேன்.

"நீ போடா தம்பி. குழாய் உள்ள கெடக்கு, இழுத்துட்டு வந்துடறேன்" என்றார்.

நான் போனேன். பலகையில் என் பில்லையை எடுக்கும்போது ஒன்பதாம் கொக்கி காலியாக இருந்தது. டிரைவர் அண்ணன் வாசலில் இரண்டு தலைகளைப் பார்த்துவிட்டார். விரல்கள் தங்கள் வேலையை முடித்திருந்தன.

ஆபீசர் பலகையைப் பார்த்தார். பன்னிரண்டு கொக்கியும் காலி. பார்த்துவிட்டு, வழக்கப்படி, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கத்தினார்.

"வந்தாச்சு சார்" என்றேன் நான்.

ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வாய் முந்திக்கொண்டது. பலகை காலியாக இருந்தது. அவர் எப்போதும் கடைசியில்தான் வருவார். பின்பக்கச் சந்தில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருப்பார் என்று என் மனம் தானாக ஒரு படம் வரைந்து வைத்திருந்தது. அந்தப் படத்தில் அவருடைய முதுகுகூடத் தெரிந்தது.

அதற்குப் பிறகு கிடங்குக்குள் ஓர் அடுக்கு சரிந்தது. கூரையின் ஒரு பாதி இறங்கியது. வெளியிலிருந்தே தண்ணீர் அடித்தோம். நடுவில் ஒரு சத்தம். டங், டங், டங். கொஞ்சம் நேரம் விட்டு மறுபடியும் மூன்று. இரும்பை இரும்பால் மூன்று முறை தட்டினால் உள்ளே ஆள் சிக்கியிருக்கிறது என்று பொருள். பயிற்சியின் முதல் வாரத்தில் சொல்லித்தருவார்கள். எல்லோருக்கும் கேட்டது. டிரைவர் அண்ணன் பலகையைத் திரும்பிப் பார்த்தார். ஆபீசரும் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"தகரம். சூட்டுல வெடிக்குது" என்றார் ஆபீசர்.

பலகை காலியாக இருந்தது. ஆகவே அது தகரம்தான்.

கால் மணி நேரம்போல அந்தத் தகரம் வெடித்துக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. தீ அடங்கி, டீ வந்து, டம்ளர்கள் கைமாறி, ஒரு டம்ளர் மிஞ்சிய பிறகுதான், "எங்கய்யா அந்த ஆளு?" என்று டிரைவர் அண்ணன் கேட்டார்.

வாசலிலிருந்து பதினோரு எட்டு தூரத்தில் கிடந்தார். அடுக்கின் கம்பி காலின்மேல் கிடந்தது. ஒரு கையில் குழாய் இரண்டு சுற்று சுற்றியிருந்தது. இன்னொரு கையில் ஸ்பேனர். தீ அவரிடம் வரவே இல்லை; நாங்கள் அடித்த தண்ணீர் அவ்வளவு தூரம் காப்பாற்றியிருந்தது. சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் நின்றது. முப்பது நிமிடக் காற்றையும் ஒன்று விடாமல் மூச்சுவிட்டுத் தீர்த்திருந்தார். நாங்கள் வெளியே நின்றிருந்த நேரத்தை அந்த முள் சரியாக அளந்து வைத்திருந்தது.

*

ஊர் அழுதது. அதில் குறை சொல்ல முடியாது. கடைகளைச் சாத்தினார்கள். பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தன, அதுவும் துக்கக் கணக்கில் சேர்ந்தது. அவருக்கு வாழ்நாளில் ஒரு மாலை விழுந்ததில்லை. அன்று வண்டியில் உடம்பே தெரியாத அளவுக்குப் பூ. தெருவை அடைத்து ஒரு பேனர். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, பின்னால் தீப்பிழம்பு வரைந்திருந்தார்கள். ஸ்டுடியோக்காரர் நல்ல மனதோடு அந்தச் சுருங்கின காதைச் சரிசெய்து, ஆளையும் கொஞ்சம் சிவப்பாக்கியிருந்தார்.

மகள் அண்ணாந்து பார்த்தாள். "இது அப்பா காது இல்ல" என்றாள்.

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா" என்றார் பக்கத்திலிருந்த ஒரு பெண்.

வியாபாரிகள் சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார். கனத்த உடம்பு, கனத்த குரல். பேச ஆரம்பித்தால் தனக்கே அழுகை வந்துவிடும் மனிதர். "உள்ளே ஒரு குழந்தையின் அழுகுரல்! கேட்ட மாத்திரத்தில் தன் உயிரைத் துச்சமாக மதித்து, எரியும் நெருப்புக்குள் திரும்பவும் பாய்ந்தாரே அந்த மாவீரர்!" என்றார். கூட்டம் விம்மியது. எட்டு வேலையாட்களும் கூட்டத்தில் நின்றிருந்தார்கள். முதலாளியும் நின்றிருந்தார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எட்டுப் பேரில் இரண்டு பேர் அழவே ஆரம்பித்துவிட்டார்கள்.

"அந்தக் குழந்தை எங்க இருக்கு?" என்று மகள் அம்மாவிடம் கேட்டாள்.

முதல் வாரத்தில் அது வெறும் குழந்தை. இரண்டாம் வாரத்தில் அதற்கு மூன்று வயது ஆனது. மாதம் முடிவதற்குள் பெண் குழந்தை என்றாகி, கையில் ஒரு பொம்மையும் வந்துவிட்டது. குழாயை எடுக்கத் திரும்பினார் என்பதை யாரிடமும் சொல்ல முடியாமல் போனது. குழாய்க்காக யார் அழுவார்கள்?

ஊருக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. மேலிடத்துக்கு அனுப்ப இன்னொன்று வேண்டியிருந்தது.

ஆபீசர் எங்களைக் குழாய் அறைக்குக் கூப்பிட்டார். டிரைவர் அண்ணன் சுருட்டி வைத்த குழாயின் மேல் உட்கார்ந்து, குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார். உண்மையான அழுகை. சாவு விழுந்து ஒன்பது நாளில் ஆள் பாதியாகிவிட்டார்.

"இங்க பாருங்கப்பா" என்றார் ஆபீசர். "பில்லைய இவன் எடுத்தான்னு எழுதினா இவன் உள்ள போவான். ஏழு வருஷமா தெரிஞ்சும் சும்மா இருந்தேன்னு என் சீட்டையும் கிழிப்பாங்க. எனக்கு இன்னும் நாலு மாசம்தான் சர்வீஸ். இவனுக்கு மூணு புள்ளைங்க. செத்தவனுக்கு என்ன வேலையா போகப்போவுது? ஊர் அவனைத் தலைல தூக்கி வச்சு ஆடுது. பேப்பர்ல ஒரு வரி. பில்லை மாட்டாம உள்ள போயிட்டாரு. அதை யார் படிக்கப் போறா?"

"அவரு மாட்டாம போகவே மாட்டாரே சார்" என்று ஒருவர் முனகினார்.

"அப்ப நீ போய்ச் சொல்லு. போ. கதவு தொறந்துதான் இருக்கு."

கதவு திறந்துதான் இருந்தது. யாரும் போகவில்லை. ஆளுக்கொரு வாக்குமூலம் எழுதினோம். நான் எழுதியது: 'புகை அதிகமாக இருந்தபடியால் அவர் பில்லையை மாட்டியதை நான் பார்க்கவில்லை.' கீழே கையெழுத்து. என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று கடைசியார்தான் அடிக்கடி சொல்வார்.

தலைக்கவசம், பூட்ஸ், சாப்பாட்டுப் பை. அவருடைய சாமான்களை அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். பையைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. டப்பாவில் அன்றைய சாப்பாடு அப்படியே இருந்திருக்கும். அதைப் பார்க்கும் துணிவில்லை. சுவரில் மூன்று ஆணிகள். சாவி தொங்கும் ஆணி வெறுமையாக இருந்தது. தண்ணீர் குடிக்கிறாயா தம்பி என்று கேட்டார். வேண்டாம் அண்ணி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

*

ஒரு மாதம் கழித்து, நிலையம் இருக்கும் தெருவுக்கு அவர் பெயரை வைக்க ஏற்பாடானது. துணி போட்டு மூடிய புதுப் பெயர்ப்பலகை, வாசலில் பந்தல், சலவைச் சட்டை போட்ட பெரிய மனிதர்கள். வண்டியைக் கழுவித் துடைத்து முன்னால் நிறுத்தியிருந்தோம். ஒருவர் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ, ஒண்ணு ரெண்டு மூணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணி சலவைக்கூடத்துச் சீருடையிலேயே வந்தார், மகளையும் அழைத்துக்கொண்டு. முன்வரிசையில் அவருக்குப் போட்டிருந்த நாற்காலிக்குப் போகவில்லை. நேராக வண்டிக்கு வந்தார். நாங்கள் வரிசையாக நின்றிருந்தோம். கையில் மடித்த தாள். மேலிடத்துக்குப் போன அறிக்கையின் நகல் என்று பார்த்ததும் தெரிந்தது. இன்னொரு கையைத் திறந்தார். பித்தளைப் பில்லை. ஒன்பது.

"பையைக் கழுவ எனக்கு நேத்துதான் மனசு வந்துச்சு" என்றார். "டப்பாவுக்கு அடியில இது கெடந்துச்சு. சார், இது எப்படி பைக்குள்ள வந்துச்சு?"

ஆபீசர் தொண்டையைச் செருமினார். "மறந்து பையிலயே விட்டிருப்பாரும்மா. அதனாலதான் மாட்ட முடியாம..."

"பில்லை பெல்ட்டுல இல்ல இருக்கும்? காலைல பெல்ட்டைப் போட்டுவிட்டதே நான்தான் சார். அவர் மாட்டாம உள்ள போயிருந்தா இது அவரோட புகைக்குள்ள போயிருக்கணும். பாருங்க." பில்லையை வெயிலில் திருப்பினார். மின்னியது. "இருபது வருஷமா ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறேன். எது எங்க பட்ட கறைன்னு பாத்தவுடனே சொல்வேன். இதுல கறையே இல்ல. இது தீக்குள்ள போகல. வண்டிலதான் இருந்திருக்கு. கொக்கில தொங்கிச்சு, யாரோ எடுத்துப் பைல போட்டிருக்கீங்க."

மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தவர் மட்டும் "ஹலோ, ஹலோ" என்றார்.

"யார் எடுத்தாங்கன்னு நான் கேக்கல. எனக்கு அது வேணாம். எடுத்தவங்களுக்கும் வீடு இருக்கும், புள்ளைங்க இருக்கும். நான் ஒண்ணுதான் கேக்கறேன். அவர் மாட்டினாரா, இல்லையா?" டிரைவர் அண்ணனைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கண்ணே. நீங்கதான் பலகைக்குப் பக்கத்துல உக்காந்திருப்பீங்க. மாட்டினாருன்னு ஒரு வார்த்த."

டிரைவர் அண்ணனின் வாய் திறந்தது. அவர் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். "நான் கவனிக்கலம்மா" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"நீ சொல்லு தம்பி. நீதானே அவரோட உள்ள போன?"

டிங் என்ற அந்தச் சத்தம் எனக்குள் கேட்டது. கேட்டதை வாய்வரைக்கும் கொண்டுவந்தேன்.

"புகை ஜாஸ்தி அண்ணி" என்றேன்.

மற்றவர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒவ்வொருவரும் குனிந்தோம். அவர் மகள் அம்மாவின் கையை விடாமல், எங்கள் முகங்களை அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சங்கத் தலைவர் ஓடி வந்தார். "அம்மா, அம்மா, என்ன இது? ஊரே உங்க புருஷனைக் கும்பிடக் காத்திருக்கு. வீரரோட மனைவி இப்படி அழுதுட்டு நிக்கலாமா?"

"நான் அழல சார். நல்லாப் பாருங்க. நீங்க எல்லாரும்தான் அழுறீங்க" என்றார் அண்ணி. "ஒரு மாசமா அழுறீங்க. அதைக் கொஞ்சம் நிறுத்திட்டு ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். வீட்டு ஆணில சாவி மாட்டலைன்னா பாதி ராத்திரி எந்திரிச்சு மாட்டிட்டு வந்து படுக்கிற மனுஷன். அவரைப் போய்ப் பில்லை மாட்டாம போனவன்னு எழுதி வச்சிருக்கீங்க. அதை மறைக்க ஒரு தெருவையே குடுக்கறீங்க."

அறிக்கையை மறுபடி நான்காக மடித்து மகளின் கையில் கொடுத்தார். பலகைக்குப் போனார். ஒன்பதாம் கொக்கியில் பில்லையை மாட்டினார். ஒரு சுண்டு சுண்டினார்.

"இப்ப மாட்டியாச்சு. அவர் உள்ளதான் இருக்காரு. யாரும் எடுக்காதீங்க."

மகளை அழைத்துக்கொண்டு பந்தலுக்குள் நுழையாமல், சுற்றிக்கொண்டு போனார். கால் மணி நேரத்தில் விழா தொடங்கியது. தலைவர் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசினார். துணியை விலக்கினார்கள். பெயரில் எழுத்துப்பிழை இல்லை. அதற்காக எல்லோரும் கைதட்டினார்கள்.

*

பில்லை மூன்று நாள் அப்படியே தொங்கியது. வண்டியைத் துடைப்பவர்கள் அந்த இடத்தைச் சுற்றித் துடைத்தார்கள். ஆபீசர் தன் அறையின் பின்வாசலைப் பயன்படுத்தத் தொடங்கினார். டிரைவர் அண்ணன் மறுபக்கக் கதவு வழியாக ஏறி, உட்கார்ந்தபடியே நகர்ந்து தன் இருக்கைக்கு வந்தார்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு, சந்தைக்குப் பின்னால் குப்பைமேட்டில் தீ. பெரிதாக ஒன்றுமில்லை, பழைய டயரும் அட்டைப்பெட்டிகளும். இருபது நிமிடத்தில் அணைந்தது. நாங்கள் வந்து அவரவர் பில்லையை எடுத்துக்கொண்டோம். இரண்டு. மூன்று. ஐந்து. எட்டு. பதினொன்று.

பலகையில் ஒன்பது தொங்கியது.

விதி விதிதான்; ஒரு பில்லை தொங்கினாலும் வண்டி நகரக் கூடாது. எல்லோரும் ஏறி உட்கார்ந்தோம். டிரைவர் அண்ணன் சாவியில் கைவைத்தவர் அப்படியே இருந்தார். ஆபீசர் தூரத்தில் ஒரு மின்கம்பத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். குப்பைமேடு புகைந்தது. வேடிக்கை பார்க்க நின்றிருந்த ஒரு காய்கறிக்காரர் பக்கத்தில் வந்து பலகையை எட்டிப் பார்த்தார்.

"சார், இன்னும் ஒருத்தர் வரல போலிருக்கே?" என்றார் அக்கறையாக. "நான் வேணா போய்க் கூப்பிடட்டுமா?"

நாங்கள் எல்லோரும், எதற்கென்று தெரியாமல், திரும்பிக் குப்பைமேட்டைப் பார்த்தோம். சாம்பலுக்கு மேல் ஒரு நாய் மோந்துகொண்டிருந்தது.

"வண்டிய எடுப்பா" என்றார் ஆபீசர், கம்பத்திடம்.

டிரைவர் அண்ணன் பலகைப் பக்கம் பார்க்கவில்லை. அவருடைய வலது கை ஜன்னல் வழியாக வெளியே போனது. இரண்டு விரல்கள், ஏழு வருஷம் போன வழியில் தாமே போய், பில்லையைக் கொக்கியிலிருந்து எடுத்தன. கை உள்ளே வந்து இருக்கைக்குப் பின்னால் நீண்டது. அங்கே பை இல்லை. விரல்கள் விட்டுவிட்டன. பில்லை வண்டியின் தகரத் தரையில் விழுந்து, டிங்கென்று சொல்லி, இருக்கைக்கு அடியில் எங்கோ உருண்டு போனது. யாரும் குனியவில்லை.

ஆபீசர் ஏறினார். பலகையைப் பார்த்தார். பன்னிரண்டு கொக்கியும் காலி.

"எல்லாரும் வந்தாச்சா?"

மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். கிடங்கு எரிந்த அன்றும் நான்தான் சொன்னேன் என்பது அவர்களுக்கு நினைவிருந்தது.

"வந்தாச்சு சார்" என்றேன்.

வண்டி நகர்ந்தது. குழாயை யாரும் வடித்திருக்கவில்லை. ஈரத்தோடே சுருட்டி என் காலடியில் போட்டிருந்தார்கள். புதுப் பெயர் வைத்த தெருவுக்குள் திரும்பும்போது அது நாற ஆரம்பித்துவிட்டது.